இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள்

என் கணவர் உயிரோடு இல்லை என்று கோர்ட்டைச் சொல்லவைக்க, அவர் செத்ததை நான் நிரூபிக்க வேண்டியதில்லை என்று வக்கீலம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. உடம்பு வேண்டாமா, இடம் வேண்டாமா, கண்ணால் பார்த்தவர் யாராவது வேண்டாமா என்று கேட்டேன். எதுவும் வேண்டாம் என்றார். 'ப்ரிசம்ப்ஷன் ஆஃப் டெத்' என்று ஒன்று இருக்கிறதாம். இறந்துவிட்டதாக அனுமானித்துக்கொள்வது. ஏழு வருஷம் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால் அவர் இறந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை, இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதைக் காட்ட வேண்டும்.

"யாருக்குத் தகவல் இல்லன்னா?" என்று கேட்டேன். நான் பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறவள். அளவு யாருடையது என்று கேட்காமல் துணியில் கத்தரி வைத்துப் பழக்கமில்லை.

அவர் புத்தகத்தைத் திறந்து அந்த வரியை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னார். "அவர் உயிரோடு இருந்திருந்தால், அவரைப் பற்றி இயல்பாகவே கேள்விப்பட்டிருக்கக்கூடியவர்கள். அதாவது நீங்கதாம்மா. மனைவி."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் அந்த 'இயல்பாகவே' எனக்கு ஒப்பவில்லை. வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் கணவர் என்னிடம் இயல்பாக எதைத்தான் சொல்லியிருக்கிறார்?

இது கோபத்தில் சொல்வதல்ல. கோபம் உண்டு, அது வேறு. அவர் கெட்டவர் இல்லை. குடியில்லை, கை நீட்டியதில்லை. ஆனால் வாய் திறக்க மாட்டார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. ஒரு மைன்ஸிலிருந்து இன்னொரு மைன்ஸுக்கு அவரை மாற்றிய செய்தியை நான் தெரிந்துகொண்ட விதம் இது: காலையில் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு வழக்கமான ஸ்டாப்புக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் போனார். கம்பெனி பஸ்ஸை மாற்றி ஏறுகிறாரே என்று நான் வாசலில் நின்று பார்த்தேன். சாயங்காலம் கேட்டதற்கு, "ஆமா, மாத்திட்டாங்க" என்றார். அவ்வளவுதான். இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்த மனுஷனைப் பற்றி, அவர் எந்தக் குழம்புக்கு இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்வார் என்பதைத் தவிர எனக்கு உறுதியாக ஒன்றும் தெரியாது.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் முதல் ஷிப்ட் போய்விட்டுத் திரும்பி வரவில்லை. மத்தியானம் பஸ் வந்தது, எங்கள் குவார்ட்டர்ஸ் வட்டத்து ஆட்கள் இறங்கினார்கள், அவர் இறங்கவில்லை. ஓவர்டைம் போலிருக்கிறது என்று நினைத்து ரசத்தை மறுபடி சூடு பண்ணி வைத்தேன். இருட்டிய பிறகுதான் கூட வேலை பார்ப்பவர் சொன்னார்: ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தார், "நீங்க போங்க, நான் அப்புறம் வரேன்" என்று சொன்னாராம். அந்த வாக்கியத்தையும் என்னிடம் சொல்லவில்லை பாருங்கள்.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். மகன் அப்போது பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். அவனும் நானும் போட்டோவை எடுத்துக்கொண்டு அலையாத இடமில்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் ஒருவர் பார்த்தேன் என்றார். போனால் அது வேறு யாரோ. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை முழுக்கக் காவி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தோம். தாடிக்குள் அவர் இருக்கிறாரா என்று தேடுகிறேன், அந்த ஆட்கள் பிச்சை போடத்தான் குனிகிறேன் என்று கையை நீட்டுகிறார்கள். அன்றைக்கு அழுததுபோல் நான் எப்போதும் அழுததில்லை.

வேலைக்கு வராததற்கு விளக்கம் கேட்டு அவர் பெயருக்கே ஆபீஸிலிருந்து கடிதங்கள் வந்தன. ஆளைக் காணவில்லை என்று நானும் பதில் எழுதினேன். கம்பெனி விதி என்று ஒன்று இருக்கிறதே. இரண்டு வருஷம் கழிந்து அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு மந்தாரக்குப்பம் பக்கம் வாடகைக்குப் போனோம். அப்போது கம்பெனி ஆபீஸில் இருந்த ஆபீஸர் நல்ல மனுஷர். உட்கார வைத்துப் பேசினார். "ஏழு வருஷம் ஆகட்டும்மா. இறந்துட்டாருன்னு கோர்ட் ஆர்டர் வாங்கிட்டு வாங்க. வேலையில இருக்கும்போது இறந்தவர்னு ஆயிட்டா, பையனுக்கு வாரிசு வேலை கேக்கலாம்" என்றார்.

அதைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் இருந்தோம். மகன் படிப்பை முடித்துவிட்டுக் கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தான். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை மண்வெட்டியால் அள்ளி மேலே போடுகிற வேலை. டிப்ளமோ படித்த பிள்ளை. குளித்துவிட்டு வந்தாலும் காது மடிப்பில் கரி இருக்கும். கான்ட்ராக்டர் மாறினால் வேலை இருக்குமா என்பது ஒவ்வொரு முறையும் நிச்சயமில்லை. பெர்மனென்ட் என்ற ஒரு சொல்லுக்காக அவன் அப்பா சாக வேண்டியிருந்தது. சாக வேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். இதை நாசூக்காக எழுத எனக்குத் தெரியவில்லை. எங்கேயாவது நல்லபடி இருக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு, வந்துவிடக் கூடாதே என்றும் நினைத்திருக்கிறேன். என்ன ஜென்மம் இது என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

ஊர்ப் பெண்களுக்கு நான் ஒரு தொல்லை. வளைகாப்பு வீட்டில் குங்குமச் சிமிழை நீட்டிக்கொண்டு வரிசையாக வருகிறவள் என் முன்னால் வந்ததும் தயங்குவாள். தாலி இருக்கிறது, பொட்டு இருக்கிறது, ஆள் இல்லை. கொடுக்கலாமா கூடாதா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் நானே கொல்லைப்பக்கம் போய்ப் பாத்திரம் கழுவ உட்கார்ந்துவிடுவேன். சில வீடுகளில் அதுவே பழக்கமாகி, என்னைப் பாத்திரத்துக்கென்றே கூப்பிட்டார்கள்.

ஏழு வருஷம் முடிவதற்குள் மகனுக்குக் கல்யாணம் அமைந்தது. பத்திரிகை அடிக்கும்போதுதான் சிக்கல். அப்பா பெயரை எப்படிப் போடுவது? செத்தவர்களுக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று போடுவது வழக்கம். அதைப் போட முடியாது. பெயரே இல்லாமல் விட்டால் பெண் வீட்டார் கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் நாத்தனார் முடிவு செய்துவிட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் அக்கா. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வெள்ளாற்றங்கரையில் கொஞ்சம் நிலத்தை வைத்துக்கொண்டு நெல் போடுகிறவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தாய் இல்லாத வீட்டில் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். என்னிடம் வாயே திறக்காத மனுஷன் அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போடுவார். நான் உள்ளே தையல் மெஷினில் இருப்பேன், வெளியே அவர் சிரிக்கிற சத்தம் கேட்கும். யாரோ வேற்று ஆள் சிரிக்கிறாரோ என்று தோன்றும். பொறாமைதான், வேறென்ன.

"உசுரோட இருக்கறவன் பேர எப்புடி உடுவ?" என்றார் அண்ணி. "அழைக்கறவங்க வரிசையில அவன் பேரதான் மொதல்ல போடணும். மவன் கல்யாணம்னு எங்கனா காதுல உழுந்தா வந்து நிப்பான்."

அப்படியே அச்சடித்தோம். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று அவர் பெயரும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில். கல்யாணத்துக்கு முந்தின வாரம் செத்தவர்களுக்குப் படையல் போட்டோம். மாமனாருக்குப் புது வேட்டி, மாமியாருக்குப் புதுப் புடவை. தம்பிக்கு வேட்டி வைக்கலாமா என்று யாரோ முணுமுணுத்ததற்கு அண்ணி பார்த்த பார்வையில் அந்த ஆள் வெளியே போய்விட்டார். கல்யாணத்தன்று மேடையில் அப்பா அம்மா ஸ்தானத்தில் பங்காளி வகையில் என் கொழுந்தனாரும் அவர் மனைவியும் நின்றார்கள். நான் தூண் ஓரமாக நின்றேன். அண்ணி மண்டப வாசலை விட்டு நகரவே இல்லை. பந்தி முடிந்து இலை எடுக்கிற வரைக்கும் வாசலிலேயே நின்றார்.

ஏழு வருஷம் முடிந்தது. வழக்குப் போட்டோம். அவர் வேலை பார்த்த ஆபீஸும் அதில் எதிர்த்தரப்பு. அப்போதுதான் வக்கீலம்மா அந்த வரியை வாசித்துக் காட்டியது.

இரண்டு நாள் யோசித்துவிட்டு மறுபடி போய்ச் சொன்னேன். "மேடம், நீங்க சொல்ற ஆளு நான் இல்ல. அவர் உயிரோட இருந்தா எனக்குச் சொல்ல மாட்டாரு. அவங்க அக்காவுக்குத்தான் சொல்வாரு."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "அப்ப அவங்க சாட்சி சொல்லணும்மா. அவங்களுக்கே தகவல் இல்லன்னாத்தான் நம்ம கேஸ் நிக்கும்."

சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறினேன். களத்தில் நெல்லைக் காலால் துழாவிக் காயவைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கால் நின்றது.

"என் வாயால அவன சாவடிக்கச் சொல்றியா?"

"சாவடிக்கச் சொல்லல அண்ணி. தகவல் இல்லன்னு மட்டும் சொல்லுங்க. செத்துட்டான்னு நீங்க சொல்லவே வேணாம். அது வேற, இது வேற. வக்கீலம்மா தெளிவா சொன்னாங்க."

"ஒனக்கு வேற வேறயா இருக்கும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏழு வருஷமா உங்க தம்பியத் தேடிகினு நான் தெருத்தெருவா அலைஞ்சேன். உங்க தம்பி புள்ள பெல்ட்டுக்கு அடியில கரி அள்ளிகினு இருக்கான். வர மாட்டாத ஆளுக்காக இருக்கற புள்ளய உட்டுடுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் மறுபடி நெல்லைத் துழாவ ஆரம்பித்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் கிளம்பினேன்.

அப்புறம் மகன் ஒரு லீவு நாளில் போனான். என்ன பேசினான் என்று எனக்குச் சொல்லவில்லை, அப்பன் புத்தி. மருமகள் சொல்லித்தான் தெரியும். அவன் கேட்கவே இல்லையாம். சாப்பிட்டுவிட்டுக் களத்து மேட்டில் படுத்துத் தூங்கியிருக்கிறான். தூக்கத்தில் இருமி இருமி எழுந்து உட்கார்ந்தானாம். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "எந்தத் தேதிக்கு வரணும்னு ஒங்க அம்மாவக் கேட்டுச் சொல்லு" என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

கோர்ட்டில் முதலில் என்னை ஏற்றினார்கள். ஆபீஸ் தரப்பு வக்கீல் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் கேட்டார். கையில் மகனின் கல்யாணப் பத்திரிகை. அழைப்பவர் பெயரைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "இறந்தவங்களுக்கு 'தெய்வத்திரு' போடுவீங்க இல்லையா? உங்க மாமனாருக்குப் போட்டிருக்கு. உங்க கணவருக்குப் போடல. அப்ப கல்யாணத்தப்ப அவர் உயிரோட இருக்கார்னு உங்க குடும்பத்துக்குத் தெரிஞ்சிருக்கு. அப்படித்தானே?"

ஊர் உலகத்தில் எந்த வீட்டில் காணாமல் போனவரைச் செத்தவர் என்று அச்சடிப்பார்கள்? அது வழக்கம், சாட்சியம் இல்லை என்று சொல்ல வேண்டும். எனக்கு வந்தது, "அது அப்படிப் போடறதுதாங்க" என்ற ஒரே வாக்கியம்.

பிறகு ஜட்ஜே கேட்டார். "அவர் எங்கேயாவது இருந்தால் உங்களுக்குத்தானே முதலில் தகவல் வந்திருக்கும்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வக்கீலம்மா என்னையே பார்க்கிறார். பின் பெஞ்சில் மகனும் மருமகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். "இல்லீங்க ஐயா" என்றேன். "என்கிட்ட அவர் எதையும் சொல்ல மாட்டாரு. அவங்க அக்காவுக்குத்தான் சொல்வாரு." ஊருக்கு நடுவில் துணி அவிழ்ந்ததுபோல் இருந்தது. ஜட்ஜ் குனிந்து எழுதிக்கொண்டார்.

அண்ணி கூண்டில் ஏறினார். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பியிடமிருந்து ஏதாவது தகவல் உண்டா என்று வக்கீலம்மா கேட்டார்.

"இல்லீங்க."

போன், கடிதம், யாராவது பார்த்ததாகச் சொன்னது?

"இல்லீங்க."

சின்ன வக்கீல் எழுந்து அதே பத்திரிகையைக் காட்டினார். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. இதில் தம்பி பெயரைப் போடச் சொன்னது யார் என்று கேட்டார்.

"நாந்தாங்க போடச் சொன்னன்."

"ஏன்?"

"வருவான்னு நெனச்சிகினு போட்டங்க."

"எங்க இருக்கார்னு தெரிஞ்சதாலதான வருவார்னு நெனச்சீங்க?"

"தெரியாதுங்க. பத்திரிக எல்லா ஊருக்கும் போச்சு. அவன் கூட ஷிப்ட் பாத்தவங்க, எங்க பங்காளிங்க, பாண்டிச்சேரி, திருப்பூரு, சொந்தம் இருக்கற எடம் பூராவும். எங்கனா ஒரு எடத்துல அவன் காதுல உழுந்திருக்கும். ஒத்தப் புள்ளைங்க அவனுக்கு. மண்டபத்து வாசல்ல காலையிலருந்து நின்னன்."

"வந்தாரா?"

அண்ணி கட்டையிலிருந்து ஒரு கையை எடுத்தார். எதிரே இருந்த வக்கீலைப் பார்க்கவில்லை, ஜட்ஜைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"வரலீங்க" என்றார். "உசுரோட இருந்தா வந்திருப்பான்."

சின்ன வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அந்த வரியின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர் என்று சட்டம் யாரைத் தேடுகிறதோ அவரிடம் அது ஒரே ஒரு காரியத்தைத்தான் கேட்கிறது: நம்பிக்கையை அவரே தன் கையால் முடித்துவைக்க வேண்டும். வேறு யார் செய்தாலும் செல்லாது.

கூண்டிலிருந்து இறங்கியவரை மகன் பிடித்துக்கொண்டான். வராந்தாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அன்று சாயங்காலமே ஊருக்குப் போய்த் தம்பி இனி இல்லை என்று சொல்லிவிட்டார். தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைத்து, மகனை ஆற்றங்கரையில் மொட்டையடிக்க வைத்துக் கருமாதி செய்தார்கள். சுற்றி நின்ற பெண்கள் என்னை நெருங்குவதற்கு முன்னால் நான் அறைக்குள் போய்த் தாலியை நானே கழற்றி வைத்துவிட்டு வந்தேன்.

தீர்ப்பு எங்கள் பக்கம்தான். இறந்துவிட்டதாக அனுமானிக்கப்படுகிறது என்று ஆர்டர் வந்தது. மகன் முதல் ஷிப்ட் முடித்து அப்படியே வந்தான், கரிக் கையோடு அதை வாங்கக் கூடாதென்று குழாயடியில் கை கழுவினான். இரண்டு பேரும் ஆபீஸுக்குக் கொண்டு போனோம்.

அந்த நல்ல ஆபீஸர் ரிட்டயர் ஆகியிருந்தார். இப்போது இருந்தவரும் பொறுமையாகத்தான் படித்தார். படித்துவிட்டு ஒரு வரியை விரலால் காட்டினார். இறந்தது எந்த நாளில் என்று இருந்த இடம். வழக்குத் தாக்கல் செய்த நாள் என்று போட்டிருந்தது.

"அவரை வேலையிலருந்து நீக்கி அஞ்சு வருஷம் கழிச்சு இறந்திருக்காரு. வேலையில இருந்தப்ப இறக்கலையேம்மா" என்றார்.

ஓடிப்போய் வக்கீலம்மாவிடம் கேட்டேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சட்டம் இறந்ததைத்தான் அனுமானிக்கும், எப்போது இறந்தார் என்பதை அனுமானிக்காது. அது தெரிய வேண்டுமானால் தனியாக நிரூபிக்க வேண்டும். காணாமல் போன அன்றே இறந்தார் என்று கேட்டிருந்தோம், அதற்கு ஆதாரம் இல்லை என்று கோர்ட் விட்டுவிட்டது. அதனால் நாம் கோர்ட்டுக்கு வந்த நாளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். மேல்முறையீடு போகலாம். அது முடிவதற்குள் மகனுக்கு வேலைக்கான வயது தாண்டிவிடும். இத்தனையையும் அவர் சொன்னார். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். சொன்னேன்மா, நீங்க அந்த ஒரு வரியையே கேட்டுக்கிட்டிருந்தீங்க என்றார். சொல்லியிருக்கலாம். எனக்கு ஞாபகமில்லை.

மகன் மறுநாள் ஷிப்டுக்குப் போனான்.

அண்ணிக்கு யார் சொல்வது? ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். அவரே போன் செய்தார். "புள்ளைக்கு ஆர்டர் வந்துச்சா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். சட்டப்படி செத்தது உண்மை, தேதி சரியில்லை, வேலை இல்லை. லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை அண்ணி, அண்ணி என்றேன்.

"இருக்கன்" என்றார். "அப்ப நான் கோர்ட்டுல சொன்னத திருப்பி வாங்கிக்க முடியுமான்னு அந்த வக்கீலம்மாவ ஒரு வார்த்த கேக்கறியா?"